மேல் இறக்கை உட்கார மாட்டேன் என்கிறதா? பழைய போர் விமான மாடல்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

முதல் உலகப் போரிலும் அதற்கடுத்த பத்துப் பதினைந்து வருடங்களிலும் பறந்த ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மூன்று இறக்கை கொண்ட, துணி போர்த்திய விமானங்களை பிளாஸ்டிக் மாடலாகச் செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சோப்வித் கேமல், எஸ்.இ.5ஏ, பி.இ.2சி, ஃபோக்கர் ட்ரைபிளேன், வபிட்டி ரகம். நான் செய்வது தில்லி மயூர் விஹாரில், மூன்றாவது மாடி ஃபிளாட்டில், பால்கனிக் கதவோரம் போட்ட ஒரு மேஜையில்.

ஜெட் விமான மாடலில் இறக்கை ஒரு மில்லிமீட்டர் சாய்ந்திருந்தால் பார்ப்பவருக்குத் தெரியாது. இதில் அப்படி இல்லை. மேல் இறக்கையைக் கீழ் இறக்கை காட்டிக்கொடுக்கும், இரண்டையும் நடுவில் நிற்கும் ஸ்ட்ரட்டுகள் காட்டிக்கொடுக்கும், எல்லாவற்றையும் சேர்த்துக் கம்பிகள் காட்டிக்கொடுக்கும். அதனால் கோளாறு கண்ணில் படும் இடம் ஒன்றாகவும் அது உண்டான இடம் இன்னொன்றாகவும் இருக்கும். கம்பி கோணலாகத் தெரிந்தால் கம்பியைத் திட்டிப் பயனில்லை. இரண்டு வாரம் முன்னால் ஸ்ட்ரட்டை ஒட்டிய அன்றைக்குப் போக வேண்டும்.

தில்லிக்காரர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பெட்டியோடு வரும் குறிப்புத் தாளும் வெளிநாட்டு வீடியோக்களும் இருபது, இருபத்தைந்து டிகிரி அறையை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. இங்கே மே மாதம் 44, 45 டிகிரி வறண்ட வெயில், ஆகஸ்டில் பிசுபிசுப்பு, ஜனவரி காலையில் 6 டிகிரி. ஒரே பசை, ஒரே பெயின்ட், மூன்று விதமாக நடந்துகொள்ளும். ஆகவே கோளாறு என்ன என்று பார்க்கும்போதே இது எந்த மாதம் என்றும் பாருங்கள்.

மேல் இறக்கை உட்காரவில்லை

நான்கு ஸ்ட்ரட்டில் மூன்று குழிக்குள் இறங்கிவிடும், நாலாவது அரை மில்லிமீட்டர் வெளியே நிற்கும். அதை அழுத்தினால் எதிர்ப்பக்கம் ஒன்று எகிறும். இந்த நிலையில் சூப்பர் க்ளூவைக் கையில் எடுக்காதீர்கள்.

முதலில் குழிகளைப் பாருங்கள். பிரைமர், பெயின்ட், வார்னிஷ் என்று மூன்று பூச்சு உள்ளே இறங்கிக் குழியைக் குறுக்கியிருக்கும். குழிக்குச் சரியான அளவு ட்ரில் பிட்டை விரலாலேயே உருட்டிச் சுத்தம் செய்யுங்கள். எனக்குப் பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும். இனிமேல் செய்யும் மாடலில், பெயின்ட் அடிக்குமுன் ஒவ்வொரு குழியிலும் ஒரு துளி மாஸ்க்கிங் திரவமோ ஈரமான டிஷ்யூ உருண்டையோ வைத்துவிடுங்கள்.

அதிலும் தீரவில்லை என்றால் கேபேன் ஸ்ட்ரட், அதாவது உடலுக்கும் மேல் இறக்கையின் நடுப்பகுதிக்கும் இடையே நிற்கும் குட்டைக் கால்கள். இவைதான் மேல் இறக்கையின் உயரத்தையும் சாய்வையும் தீர்மானிக்கின்றன. இங்கே கால் மில்லிமீட்டர் பிசகினால் இறக்கை நுனியில் ஒன்றரை மில்லிமீட்டராக வந்து நிற்கும். முன்னாலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள்: இடது, வலது கால்கள் ஒரே கோணத்தில் விரிகின்றனவா? பக்கவாட்டில் பாருங்கள்: முன் காலும் பின் காலும் இணையாக இருக்கின்றனவா? பிசகு தெரிந்தால் பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டும் பிளாஸ்டிக் சிமென்ட்டை நுனியில் தொட்டு, இளகவிட்டு, நகர்த்துங்கள். சூப்பர் க்ளூ போட்டு ஒட்டியிருந்தால் நகராது, வெட்டி எடுத்துத்தான் மறுபடி ஒட்ட வேண்டும்.

மூன்றாவது, கீழ் இறக்கையின் மேல்நோக்கிய சாய்வு. கேமல் செய்பவர்கள் பலர் இங்கேதான் மாட்டுகிறார்கள். அசல் கேமலில் மேல் இறக்கை நேர்க்கோடு மாதிரி தட்டை. கீழ் இறக்கை மட்டும் 5 டிகிரி மேல்நோக்கி இருக்கும். 1:72 அளவில், அதாவது அசலில் 72-ல் ஒரு பங்கில், மாடலின் மொத்த இறக்கை அகலம் 12 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, ஆகவே கீழ் இறக்கையின் நுனி ஏறக்குறைய 5 மி.மீ. உயர்ந்திருக்க வேண்டும். அந்த 5 மி.மீ. வரவில்லை என்றால் ஸ்ட்ரட் எல்லாம் குட்டையாகத் தெரியும். ஸ்ட்ரட் மேல் தப்பே இல்லை.

இதற்கு ஒரு தாங்கி செய்துகொள்வது நல்லது. ஃபோம் போர்டில் உடல் உட்கார ஒரு பள்ளம், இரு பக்கமும் நுனிக்கு 5 மி.மீ. உயரத்தில் அட்டைத் துண்டு. வீட்டில் லெகோ இருந்தால் இன்னும் வசதி, அதன் ஒரே ரகக் கட்டைகள் எல்லாம் துல்லியமாக ஒரே உயரம். முதல் நாள் கீழ் இறக்கையைத் தாங்கியில் வைத்து ஒட்டி இரவு முழுக்க விடுங்கள். அடுத்த நாள் கேபேன் ஸ்ட்ரட்டுகளை மெதுவாக இறுகும் சிமென்ட்டில் ஒட்டி, பசை இளகியிருக்கும்போதே மேல் இறக்கையை ஒட்டாமல் வெறுமனே மேலே வைத்து, கால்கள் தாமாகச் சரியான கோணத்துக்கு வர விடுங்கள். வெளி ஸ்ட்ரட்டுகள் அதற்கடுத்த நாள். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பது இந்த மூன்று நாளுக்குச் சரியாகப் பொருந்தும்.

ஒட்டியபின் இரண்டு நாளில் விட்டுப்போகிறது என்றால் காரணம் இரண்டுதான். பெயின்ட்டின் மேல் சிமென்ட் வைத்திருக்கிறீர்கள்: சிமென்ட் பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டுவது, நடுவில் பெயின்ட் இருந்தால் அது பெயின்ட்டைத்தான் ஒட்டும். சுரண்டிவிட்டு ஒட்டுங்கள். அல்லது இறக்கை வளைந்திருக்கிறது, வளைத்துப் பிடித்து ஒட்டியிருக்கிறீர்கள். அது ராவும் பகலும் இழுத்துக்கொண்டே இருந்து கடைசியில் பிடுங்கிக்கொண்டது. அடுத்த பகுதியைப் பாருங்கள்.

இறக்கை வளைந்திருக்கிறது

கண்ணாடிப் பலகை மேல் வைத்தால் ஒரு மூலை ஆடும். பெட்டியிலிருந்தே அப்படி வந்திருக்கலாம். அல்லது மே மாதம் வாங்கிவந்து காரிலேயே விட்டிருப்பீர்கள். வெயிலில் நிற்கும் மூடிய கார் பிளாஸ்டிக்குக்கு அடுப்பு மாதிரி. நான் ஒரு ஸ்பேட் 13 பெட்டியை ஒரு மதியம் முழுக்க டிக்கியில் மறந்துவிட்டேன். மாலையில் திறந்தபோது மேல் இறக்கை வாழை இலை போல வளைந்திருந்தது.

சரி செய்யலாம். குழாயில் வரும் கீசர் சுடுநீர் போதாது. கொதிக்கும் நீரும் வேண்டாம், மெல்லிய பின் ஓரம் அலையலையாகிவிடும். கொதித்து ஐந்து நிமிடம் ஆறிய நீர் சரியாக இருக்கும். அரை நிமிடம் அமிழ்த்தி, எடுத்து, வளைவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு மயிரிழை அதிகமாக வளைத்துப் பிடித்து, அப்படியே குளிர்ந்த நீரில் முக்குங்கள். ஒரே தடவையில் வராது. மூன்று, நான்கு தடவை பொறுமையாகச் செய்யுங்கள். பெயின்ட் அடித்தபின், டீகால் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னப் படங்கள்) ஒட்டியபின் இதைச் செய்ய முடியாது என்பதால் பெட்டியைத் திறந்த அன்றே எல்லா இறக்கையையும் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

கம்பிகள் தளர்ந்து தொங்குகின்றன

போன ஜூலையில் அண்ணன் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். முந்தின நாள் இருவரும் சேர்ந்து ஒரு 1:48 கேமலுக்குக் கம்பி கட்டி முடித்திருந்தோம். காலையில் பல்கூடத் தேய்க்காமல் மேஜைக்கு ஓடினாள்.

"அத்தை, நேத்து எல்லாம் டைட்டா இருந்துச்சே. யாராவது தொட்டுட்டாங்களா?"

"யாரும் தொடலை கண்ணு. ராத்திரி மழை பெஞ்சுதுல்ல, அதான்."

"மழை பெஞ்சா கம்பி எப்படித் தளரும்?"

கேள்வி நியாயமானது. நாங்கள் கட்டியது நைலான். நைலான் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், உறிஞ்சினால் நீளும். முந்தின நாள் ஏசி போட்ட அறையில், காற்று வறண்டிருந்தபோது இழுத்துக் கட்டினோம். இரவு ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்ததும் ஈரம் ஏறி, கம்பி நீண்டு, ஒவ்வொன்றும் லேசாக வயிறு தள்ளி நின்றது.

இந்த இடத்தில் செய்யக்கூடாதது: ஈரமான நாளில் மறுபடி இழுத்துக் கட்டுவது. கட்டினால் அன்றைக்கு அழகாக இருக்கும். நவம்பரில் காற்று உலர்ந்ததும் நைலான் சுருங்கி இறக்கை நுனியைக் கீழே வளைக்கும்; 1:72 என்றால் ஸ்ட்ரட்டையே பிடுங்கிவிடும். தளர்ந்ததை அப்படியே விட்டுவிட்டு, காற்று உலர்ந்தபின் பாருங்கள். தானாக இறுகியிருந்தால் அதைத் தொட வேண்டாம்.

நிரந்தரத் தீர்வு, நூலை மாற்றுவது. ஈஸி லைன் போன்ற எலாஸ்டிக் நூல் ஈரத்தைப் பற்றிக் கவலைப்படாது. ஒரு முனையை சூப்பர் க்ளூவில் ஒட்டி, இறுகியபின், மறுமுனையை லேசாக இழுத்து ஒட்டினால் போதும். அது ரப்பர் மாதிரி நீளும் என்பதற்காக இரண்டு மடங்கு இழுக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு கம்பி சேர்ந்து இழுத்தால் மெல்லிய இறக்கை தாங்காது. விரல் பட்டாலும் அறாமல் நெகிழ்ந்து திரும்பும் என்பது இதன் பெரிய வசதி. தூசி தட்டும்போது இதன் அருமை தெரியும்.

காசு செலவழிக்க வேண்டாம் என்றால் ஸ்ப்ரூவை உருக்கி இழுக்கலாம். பாகங்கள் கோர்த்து வரும் அந்தச் சட்டத்தில் ஒரு துண்டை வெட்டி, மெழுகுவத்திச் சுடருக்குச் சற்று மேலே உருட்டிக்கொண்டே காட்டி, பளபளவென்று இளகியதும் சுடரை விட்டு விலக்கி, இரண்டு கையாலும் நிதானமாக இழுங்கள். தலைமுடி மாதிரி இழை வரும். கவராயத்தால் இடைவெளியை அளந்து, வெட்டி, வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். தொங்கினால் கவலை இல்லை: பசை காய்ந்தபின் ஊதுபத்தியைக் கொளுத்தி, அதன் எரியும் முனையை இழைக்கு ஒரு செ.மீ. கீழே ஒரு நொடி கொண்டுபோங்கள். இழை தன்னைத் தானே சுருக்கிக்கொண்டு விண்ணென்று நிற்கும். பக்கத்தில் கொண்டுபோனால் அறுந்துவிடும். முதலில் வெறும் சட்டத்தில் நாலைந்து இழை ஒட்டிப் பழகுங்கள். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த நொடி இதுதான், தொங்கிக்கொண்டிருந்த கோடு கண்ணெதிரே நேராவது.

கம்பி தடியாகத் தெரிகிறது

கணக்கைப் போட்டுப் பாருங்கள். அசல் விமானத்தில் கம்பியின் தடிமன் ஐந்தாறு மில்லிமீட்டர். 72-ஆல் வகுத்தால் 0.08 மி.மீ., 48-ஆல் வகுத்தால் 0.12 மி.மீ. கினாரி பஜார் தையல் சாமான் கடைகளில் கிடைக்கும் கண்ணாடி போன்ற மெல்லிய நைலான் நூல் 1:48-க்கு ஒத்துவரும், 1:72-க்குத் தடிமன். கிதாரின் மிக மெல்லிய எஃகுக் கம்பி 0.23 மி.மீ., அது 1:32-க்குத்தான். அளவு சரியாக இருந்தும் தடியாகத் தெரிந்தால் காரணம் கறுப்பு நிறம். கறுப்புக் கோடு கண்ணுக்கு எப்போதும் தடித்துத் தெரியும். எஃகுச் சாம்பல் நிறத்துக்கு மாற்றுங்கள்.

ஆங்கிலேய விமானங்களில் இன்னொரு நுணுக்கம் உண்டு. எஸ்.இ.5ஏ போன்றவற்றில் இறக்கைக் கம்பிகள் உருண்டையான கேபிள் அல்ல. காற்றைக் கிழிக்கும்படி தட்டையாக்கப்பட்ட எஃகு. ஜெர்மன் விமானங்களில் உருண்டைக் கேபிளும் இறுக்கும் திருகும். 1:72-ல் வித்தியாசம் தெரியாது. 1:32-ல் கட்டாயம் தெரியும், தட்டையான எலாஸ்டிக் நூலையே வாங்கிவிடுங்கள்.

கம்பி முனையில் பசைக் குமிழ்

க்ளூவைக் குப்பியிலிருந்து நேராக வைத்திருக்கிறீர்கள். ஒரு தையல் ஊசியின் காதின் நுனியை அரத்தால் தேய்த்துத் திறந்தால் சின்ன கவட்டை மாதிரி ஆகும். அதைக் க்ளூவில் தொட்டால் ஒரு பொட்டு மட்டும் எடுக்கும், வைத்த இடத்தில் மட்டும் வைக்கும். ஏற்கெனவே குமிழாகிவிட்டதென்றால் கூரான பிளேடால் சீவி, மேலே மேட் வார்னிஷ் தொட்டுவிடுங்கள், பளபளப்பு போய்விடும்.

எந்தக் கம்பி எங்கே போகிறது என்றே புரியவில்லை

படத்தை மனப்பாடம் செய்யாதீர்கள். கம்பி என்ன வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் படமே வேண்டாம். பறக்கும்போது காற்று இறக்கையை மேலே தூக்கும். அதைப் பிடித்து நிறுத்த உடலின் அடியிலிருந்து கிளம்பி வெளி ஸ்ட்ரட்டின் மேல்முனைக்குப் போவது ஒன்று. தரையில் நிற்கும்போது இறக்கை தன் எடையில் தொங்கும்; அதைத் தாங்க நடுவில் கேபேன் உச்சியிலிருந்து கிளம்பி வெளி ஸ்ட்ரட்டின் கீழ்முனைக்கு வருவது இன்னொன்று. முன் ஸ்ட்ரட்டுக்கும் பின் ஸ்ட்ரட்டுக்கும் இடையே பெருக்கல் குறி மாதிரி போவது, இறக்கை முறுக்கிக்கொள்ளாமல் இருக்க. இந்த மூன்றும்தான் அடிப்படை. பறக்கும் சுமையைத் தாங்குவது பல விமானங்களில் இரட்டையாக ஓடும்.

கட்டும் வரிசையில் தவறினால் கை உள்ளே போகாது. நடுவிலிருந்து வெளியே வாருங்கள், இடது ஒன்று கட்டினால் உடனே வலது ஒன்று. ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போனால் மாடலே முறுக்கிக்கொள்ளும். மேல் இறக்கையை ஒட்டுமுன்பே அதன் அடியில் 0.3 மி.மீ. துளையிட்டு எல்லா நூலையும் ஒட்டித் தொங்கவிட்டு, பின்னர் கீழ் இறக்கைத் துளைகள் வழியே இழுத்து, முனையில் துணி க்ளிப்பைத் தொங்கவிட்டால் அதன் எடையே இழுத்துப் பிடித்திருக்கும். க்ளூவை வைத்து, வெட்டி, துளையைத் தேய்த்து மூடுங்கள்.

முதல் முறை செய்கிறவர் பி.இ.2சி வேண்டாம். 1915 கடைசியில் இந்தியாவுக்கு வந்த முதல் போர் விமானப் படைப்பிரிவான 31-ஆம் ஸ்குவாட்ரன் கொண்டுவந்த விமானம் என்பதால் அதன்மேல் நமக்கு ஆசை வருவது இயல்பு. ஆனால் பக்கத்துக்கு இரண்டு வரிசை ஸ்ட்ரட், காடு மாதிரி கம்பி. ஃபோக்கர் ட்ரைபிளேனில் தொடங்குங்கள். மூன்று இறக்கை என்று மிரள வேண்டாம். அதன் இறக்கைகள் உள்ளே இருக்கும் மரப்பெட்டிச் சட்டத்தாலேயே நிற்பவை, இறக்கைகளுக்கிடையே சுமை தாங்கும் கம்பியே கிடையாது. கேபேனிலும் சக்கரக் காலிலும் நாலைந்து இழை, அவ்வளவுதான்.

சூப்பர் க்ளூ வெண்பனி படிக்கிறது. அல்லது ஒட்டவே மாட்டேன் என்கிறது

இரண்டுக்கும் ஈரம்தான் காரணம். இந்த க்ளூ இறுக ஈரம் வேண்டும். மே மாதக் காற்றில் ஈரம் இல்லாததால் நீங்கள் பிடித்துக்கொண்டே இருப்பீர்கள், அது பிடிக்காது. ஒட்டும் முனையில் வாயால் ஒருமுறை ஊதினால் அந்த ஈரமே போதும். ஆகஸ்டிலோ நேர்மாறு: க்ளூவின் ஆவி காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாகப் படியும். குறைவாக வையுங்கள், ஒட்டியதும் மூடிவைக்காமல் காற்றாட விடுங்கள். தண்ணீர் ஊற்றும் கூலர் ஓடும் அறையில் ஒட்டுபவர்கள் கவனிக்க வேண்டும், வெளியே வறண்ட ஜூனாக இருந்தாலும் அந்த அறைக்குள் நிலவுவது ஆகஸ்ட்.

படிந்த வெண்மையை நெயில் பாலிஷ் ரிமூவரால் துடைக்க நினைக்காதீர்கள். அதில் அசிட்டோன் இருந்தால் பிளாஸ்டிக்கே கரைந்துவிடும். பளபளப்பு தரும் கிளாஸ் வார்னிஷ் ஒரு கோட் பூசினால் வெண்மை மறையும், அதன்மேல் மேட் அடித்துக்கொள்ளலாம்.

பெயின்ட்: மாதவாரியாக

மே, ஜூனில் ஏர்பிரஷ் அடித்தால் மேற்பரப்பு மணல் தாள் மாதிரி சொரசொரப்பாக வருகிறதா? பெயின்ட் நுனியிலிருந்து கிளம்பி மாடலை அடையுமுன்பே காய்ந்துவிட்டது. தின்னரைக் கூட்டுங்கள், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில துளி சேருங்கள், 15 பிஎஸ்ஐ அளவுக்கு அழுத்தத்தைக் குறைத்து ஏழெட்டு செ.மீ. பக்கத்தில் வந்து அடியுங்கள். இதையெல்லாம்விட நல்லது, காலை ஐந்தரைக்கு எழுந்து அடிப்பது.

ஜூலை, ஆகஸ்டில் லாக்கர் பெயின்ட்டோ கிளாஸ் வார்னிஷோ பால் மாதிரி வெளுக்கிறதா? தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, அதில் காற்றின் ஈரம் படிகிறது. சொம்பில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் வெளியே வியர்க்குமே, அதேதான். மழை விட்ட வறண்ட நாளில் ரிடார்டர் கலந்த தின்னரை மட்டும் மென்மையாக ஒரு தூவல் தூவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

ஜனவரியில் ஸ்ப்ரே கேன் துப்புகிறதா? உள்ளே அழுத்தம் குறைந்திருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் நிற்கவிடுங்கள். நெருப்புப் பக்கம், ஹீட்டர் பக்கம் கொண்டுபோகவே கூடாது. புரொப்பெல்லர் மரவரிக்கு ஆயில் கலர் தீட்டுபவர்களுக்கு ஜனவரியில் அது ஒரு வாரமானாலும் காயாது. தீட்டுமுன் ஆயில் கலரை ஓர் அட்டைத் துண்டின்மேல் பிதுக்கி அரைமணி வையுங்கள், எண்ணெயை அட்டை குடித்துவிடும். அதன்பின் தீட்டினால் சீக்கிரம் காயும்.

நவம்பர், டிசம்பரில் பளபளப்பு வார்னிஷ் மேல் பொடிப்பொடியாகக் கறுப்பு. ஊரே புகையில் இருக்கும் மாதங்கள். அடித்த கையோடு ஒரு டப்பாவைக் கவிழ்த்து மூடிவிடுங்கள். முடிந்தால் இறுதி வார்னிஷை தீபாவளிக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

நிறம் தவறு என்கிறார்கள்

ஆங்கிலேய விமானங்களின் மேற்பரப்பில் அடித்த பி.சி.10 என்ற பூச்சு பச்சையா, பழுப்பா என்ற சண்டையில் இறங்காதீர்கள். மஞ்சள் காவியில் கொஞ்சம் விளக்குக் கரி கலந்த பூச்சு அது. கலந்திருக்கும் வார்னிஷைப் பொறுத்தும் வயதைப் பொறுத்தும் ஆலிவ் பச்சையிலிருந்து சாக்லெட் பழுப்புவரை மாறும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறத்தை எடுங்கள். உண்மையான தவறு அடிப்பக்கத்தில்தான் நடக்கிறது: நிறம் பூசாத லினன் துணிக்கு வெள்ளை அடித்துவிடுகிறார்கள். அது புது கோடித் துணியின் நிறம், இளமஞ்சள் கலந்த வெண்மை.

எண்ணெய்க் கறையும் இப்படித்தான். கேமல், ட்ரைபிளேன் போன்றவற்றில் புரொப்பெல்லரோடு சேர்ந்து எஞ்சினே சுழலும். அதற்கு ஊற்றியது நம் விளக்கெண்ணெய்; அது பெட்ரோலோடு எளிதில் கலக்காது என்பதால். ஒருமுறை போனது திரும்பி வராது, வெளியே சிதறிவிடும். ஆகவே கறை கறுப்புச் சேறாக இருக்கக்கூடாது; தேன் நிறத்தில், பளபளப்பாக, வயிற்றுப் பக்கம் பின்னோக்கி ஓட வேண்டும்.

டீகால் அடியில் வெள்ளி மாதிரி மினுக்குகிறது; வெண்புள்ளி விழுகிறது

மினுக்கம் என்றால் அடியில் காற்று. மேட் பரப்பின்மேல் ஒட்டியிருக்கிறீர்கள். ஊசியால் நுண்ணிய துளைகள் குத்தி, மைக்ரோ சோல் மாதிரி மென்மையாக்கும் திரவத்தைத் தொட்டுவிட்டு, சுருங்கினாலும் கை வைக்காமல் விடுங்கள், தானே படிந்துவிடும். அடுத்த முறை கிளாஸ் வார்னிஷ் அடித்துவிட்டு ஒட்டுங்கள்.

வெண்புள்ளி தில்லித் தண்ணீரின் வேலை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் உப்பு. காய்ந்ததும் டீகாலைச் சுற்றி வெள்ளைக் கோடு நிற்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் ஒரு பாட்டில் வாங்கினால் வருடம் ஓடும். ஏற்கெனவே விழுந்த கோட்டை அதே நீரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுங்கள்.

பழைய பெட்டியில் டீகால் மஞ்சளாகிவிட்டதா? ஜிப் பையில் போட்டு வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவையுங்கள். தில்லி வெயிலுக்கு ஓரிரு வாரம் போதும், வெளுத்துவிடும். நீரில் போட்டதும் துண்டுதுண்டாகிறது என்றால் மீதியுள்ளதன்மேல் முதலில் ஒரு கோட் கிளியர் லாக்கர் அடியுங்கள். அதன்பின் ஒவ்வொரு படத்தையும் ஓரத்தை ஒட்டிக் கத்தரிக்க வேண்டும்.

அலமாரியில் வைத்தபின்

மாடல் ஒரு சக்கரத்தில் நிற்கிறது என்றால் கண்ணாடி மேல் வைத்து, உயரமான பக்கச் சக்கரத்தின் அடியை லேசாகத் தட்டையாகத் தேயுங்கள். டயர் எடையில் அமுங்கிய மாதிரியும் தெரியும்.

அக்ரிலிக் பெட்டிக்குள்ளும் தூசி எப்படி வருகிறது என்று கேட்பார்கள். உலர்ந்த துணியால் துடைத்துத் துடைத்து நீங்களேதான் அதில் மின்னேற்றம் உண்டாக்குகிறீர்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஒரு துளி கலந்த நீரில் ஈரத்துணி நனைத்துத் துடையுங்கள். மாடல் மேல் படிந்ததற்கு மேக்கப் பிரஷ், கேமரா ஊதுகுழல். அழுத்தக் காற்று கேன் ஸ்ட்ரட்டை ஒடித்துவிடும். உள்ளே விளக்கு வைத்தால் எல்இடி மட்டும். சாந்தினி சவுக்கின் மின்சாமான் சந்தையான பகீரத் பேலஸில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். பழைய ஹாலஜன் சூட்டில் மெல்லிய இறக்கை தொங்கிப்போகும்.

பக்கத்தில் ஒரு சின்னப் பெயரட்டை வையுங்கள், தமிழில். என் எஸ்.இ.5ஏ-க்கு எழுதியிருப்பது: "இந்திரலால் ராய், 40-ஆம் ஸ்குவாட்ரன், ஜூலை 1918." கொல்கத்தாவில் பிறந்து, அந்த ஒரே மாதத்தில் பத்து வான்வெற்றி கண்டு, 19 வயதில் அதே மாதம் 22-ஆம் தேதி வீழ்ந்தவர். அட்டை இல்லாதவரை அது வந்தவர்களுக்குப் பொம்மை. அட்டை வைத்தபின் குனிந்து பார்க்கிறார்கள், கேள்வி கேட்கிறார்கள். வபிட்டி செய்பவர்கள் ஒருமுறை தில்லி பாலம் பகுதியிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டு வாருங்கள், அங்கே அசலே நிற்கிறது. 1933 ஏப்ரலில் நம் விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் நான்கு வபிட்டிகளோடுதான் தொடங்கியது. ஜூபிடர் எஞ்சினின் சிலிண்டர்கள் எப்படி வெளியே துருத்திக்கொண்டு நிற்கின்றன, வெள்ளி நிறத் துணிக்கடியில் விலாச் சட்டம் எவ்வளவு மெலிதாகப் புடைத்துத் தெரிகிறது என்று பாருங்கள். பார்த்துவிட்டு வந்தால் மாடலில் விலா எலும்பு மாதிரி வரும் அந்தக் கோடுகளைத் தேய்த்துக் குறைக்கத் தோன்றும், குறையுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குப் பதினொரு மாதத்துக்கொருமுறை ஒரு சோதனை உண்டு, வீடு மாற்றுவது. பஞ்சோ பபிள் ராப்போ சுற்றாதீர்கள், ஒவ்வொரு குமிழும் ஒரு கம்பியில் மாட்டும். காலணிப் பெட்டியின் அடியில் தடித்த ஃபோமை வைத்து, சக்கரம் இறங்க இரண்டு குழி, வால் கட்டைக்கு ஒரு குழி வெட்டுங்கள். கீழ் இறக்கை உடலோடு சேரும் இடத்தின்மேல், கேபேனுக்குப் பின்னால், இரண்டு அங்குல அகல ரிப்பனைக் குறுக்கே போட்டுப் பெட்டியின் பக்கவாட்டுக் கீறல்களில் இழுத்து ஒட்டுங்கள். மாடலை வேறெதுவும் தொடக்கூடாது. பெட்டியின் மேல் எந்தப் பக்கம் மேல்பக்கம் என்று ஹிந்தியிலும் எழுதி, டெம்போவில் ஏற்றாமல் உங்கள் மடியிலேயே வைத்துக்கொண்டு போங்கள்.